டப்பா நிறையப் போல்ட்டு

மாரிச்சாமி: ...அங்க வரைக்குமா கேட்டுச்சு?

அருஞ்சுனை: வீடே அதிர்ந்துச்சு. அடுப்புல கஞ்சி போட்டது போட்டபடி ஓடியாரேன். உங்களுக்கு ஒண்ணுமில்லையே?

மாரிச்சாமி: எனக்கென்ன. கரிசலுக்கு அடியில பாறை கெடந்திருக்கு. கலப்பை முட்டுன வேகத்துல டிராக்டரு முன்சக்கரம் தூக்கிருச்சு.

அருஞ்சுனை: கலப்பை...?

மாரிச்சாமி: அதானே. உன் தம்பி சாமான் ஆச்சே.

அருஞ்சுனை: உங்களத்தான மொதல்ல கேட்டேன். சொல்லுங்க... ஒடைஞ்சிருச்சா?

மாரிச்சாமி: ஒரு கீறல் இல்ல. கலப்பைக் காலு பின்னால மடங்கிப் படுத்திருக்கு. காலச் சட்டத்தோட பிடிச்சிருந்த போல்ட்டு மட்டும் ரெண்டு துண்டு.

அருஞ்சுனை: அப்பாடா.

மாரிச்சாமி: எனக்கும் இப்பத்தான் உசுரு வந்துச்சு. நம்ம கல்யாணப் பந்தியில கோவிச்சு எந்திரிச்சுப் போன உன் தம்பி சங்கையா, இந்த வருசந்தான் வீடேறி வந்து டிராக்டரும் கலப்பையும் விட்டுட்டுப் போயிருக்கான். ஒடைச்சுக் கொண்டுபோயி நிறுத்துனா அதோட பேச்சு முறிஞ்சிரும். நேத்து அவன் குடுத்த போல்ட்டு ஒண்ணு மாத்தி ஒண்ணு அறுந்துக்கிட்டே இருக்கவும், அதுக்குப் பயந்துதான் பொழுதடைய அருப்புக்கோட்டை போயி, லேத்துப் பட்டறையில லாரி அச்சு இரும்புல போல்ட்டு கடைஞ்சு மாட்டுனேன்.

அருஞ்சுனை: ம்.

மாரிச்சாமி: யானை கட்டி இழுத்தாலும் அறாதுன்னான் பட்டறைக்காரன். எப்படி அறுந்துச்சு?

அருஞ்சுனை: இழுத்தா அறாதுதான். இங்க யாரு இழுத்தா? சட்டம் முன்னால போகுது, பாறை காலப் பின்னால தள்ளுது. நடுவுல போல்ட்டு... பாக்குவெட்டிக்குள்ள மாட்டுன கொட்டப்பாக்கு மாதிரி.

மாரிச்சாமி: ஓகோ... இது எந்தப் பள்ளிக்கூடத்துல?

அருஞ்சுனை: கேலி பண்ணாதீக. நேத்துப் பூரா அறுந்த துண்டப் பொறுக்கிப் பாத்தேன். ஒண்ணு கூட நீண்டு மெலிஞ்சு போகல. எல்லாம் குறுக்க வெட்டு. காலும் சட்டமும் உரசுற எடத்துல.

மாரிச்சாமி: உன் தம்பி குடுத்தது மட்டமான போல்ட்டு.

அருஞ்சுனை: மட்டம்னா எதுக்கு ஒரு டப்பா நெறையக் குடுக்கணும்? அறட்டும்னுதான் குடுத்திருக்கான். அது அறலன்னா அம்புட்டு அடியும் கலப்பைக் காலுல எறங்கும். இல்லாட்டி டிராக்டருல.

மாரிச்சாமி: நேத்தே சொல்லியிருக்கலாம்ல.

அருஞ்சுனை: கேட்டிருப்பீகளா? தம்பிக்குப் பரிஞ்சு பேசுறியாம்பீக.

மாரிச்சாமி: ...ஆமா. சொல்லியிருப்பேன்.

அருஞ்சுனை: அதான்... கோவிச்சுக்கப்படாது. காலையில நீங்க கம்மாய்க்குக் குளிக்கப் போனப்ப நானே கழட்டி மாத்திட்டேன். உங்க லாரி அச்சு அரிசிப் பானைக்குள்ள கெடக்கு. அறுந்தது டப்பாப் போல்ட்டு.

மாரிச்சாமி: தெரியும் புள்ள. வண்டிய எடுக்கும்போதே பாத்தேன். மரையில உன் சேல நூலு சிக்கியிருந்துச்சு. ஏன் மாத்துனன்னுதான் புரியல, அதான் தெரியாத மாதிரி கேட்டேன்... அருஞ்சுனை மாத்துனா அதுல காரணமிருக்கும்னு நம்பி ஓட்டிட்டேன்.