எழுத்து இடறிய பிள்ளையை இனங்கண்ட தனகோடி அம்மையாருக்கு

உப்பங்காற்றில் ஓயாது நடந்து, முப்பத்தோராண்டு ஒன்றாம் வகுப்பிலேயே உவந்து நின்று, ஊர்ப்பிள்ளைகளின் முதல் எழுத்துக்கு உறவான எங்கள் தனகோடி அம்மையார் இன்று விடைபெறுகிறார். புகழ்ச்சி அவருக்குப் பிடிக்காது. அறிந்தும், அவர் முன்னிலையிலேயே அவையோர்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லத் துணிந்தோம்.

எழுபத்திரண்டாம் ஆண்டு. உப்பளத்தில் கூலிவேலை செய்யும் வேலம்மாளின் மகள் அமராவதி, ஒன்றாம் வகுப்பில் இரண்டாம் முறையாக அமர்ந்திருந்தாள். கேட்ட கதையை வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். கரும்பலகை முன் நிறுத்தினாலோ கண் கலங்குவாள். 'கடல்' என்பதைக் 'கலட்' என்று எழுதுவாள். கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுவாள். நேற்றுக் கற்ற எழுத்து இன்று அவளுக்குப் புதிது. 'கவனம் போதாது' என்று எழுதி அவளை அதே வகுப்பில் நிறுத்தியவர் அம்மையாரேதான்.

ஒருநாள் அமராவதி பாடத்தைக் கணீரென்று வாசித்தாள். ஒரு பிழையும் இல்லை. அம்மையார் அருகே சென்று பார்த்தால், விரிந்திருந்தது வேறு பக்கம். இத்தனையும் காதாலேயே கற்று நெஞ்சில் நிறுத்தியவளையா சோம்பேறி என்று நினைத்தோம் என அவர் மனம் குறுகிப்போனது.

அந்த வாரமே வேலம்மாள் வந்தாள். "படிப்பு ஏறலங்க டீச்சர். பேரை எடுத்துடுங்க. என்கூட உப்பு வாரட்டும்."

"தப்பு எம்மேலதாம்மா," என்றார் அம்மையார். "உம் பொண்ணு மக்கு இல்ல. அவளுக்கு எழுத்து புடிபடற வழி வேற. ஒரு வருஷம் குடு."

"எதுக்கும்மா வீண் பாடு?" என்று கேட்டவர் நம் தலைமையாசிரியர் சிவப்பிரகாசம் ஐயா. அம்மையாரோ பிள்ளையைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போய் ஒரு மருத்துவரிடம் காட்டினார். கண்ணிலும் காதிலும் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. ஒலியை எழுத்தோடு சேர்ப்பதில்தான் சிக்கல், அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் என்றார் மருத்துவர். இளவயதிலேயே கண்டது நல்லது என்றும் சொன்னார்.

அன்றுமுதல் மாலைதோறும் ஒரே ஓர் எழுத்து. வாயால் ஒலித்தபடி ஈர மணலில் விரலால் பெரிதாக எழுதவேண்டும். சொல்லைக் கைதட்டிப் பிரிக்கவேண்டும். எட்டு மாதம் பலன் சொற்பம். பொறுமையிழந்து அம்மையாரே எழுந்துபோன நாளும் உண்டு. ஒன்பதாம் மாதம், யாரும் படித்துக் காட்டாத ஒரு பக்கத்தில் அமராவதி ஆறு வரி வாசித்தாள். கால்மணி நேரம் ஆனது. அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

இன்றும் அவள் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். ஆனாலும் வரும் ஜூனில் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள்.

அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிள்ளை ஒவ்வொருவரையும் பக்கத்தில் அமர்த்தி, பேசவிட்டு, எழுதவிட்டுப் பார்ப்பது அம்மையாரின் வழக்கமாயிற்று. இன்னும் ஏழு பேரை அப்படிக் கண்டெடுத்தார். அவர்களில் கன்னியப்பனை மட்டும் பள்ளியில் நிறுத்த முடியவில்லை. அந்த வருத்தம் அவருக்கு ஆறவில்லை. இதையெல்லாம் கண்ட சிவப்பிரகாசம் ஐயா, எழுத்துப் பிழைக்கு ஓங்கிவந்த தம் பிரம்பைத் தாமே அலமாரியில் பூட்டினார்.

அருமைக்குரிய அம்மையீர், இனி எழுத்தில் இடறும் பிள்ளையை நாங்கள் முதலில் பேசவிட்டுக் கேட்போம். பிறகே மதிப்பெண் இடுவோம். ஐயம் எழுந்தால் தங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவோம். கதவைத் திறக்க நலமோடும் வலுவோடும் தாங்கள் நெடுங்காலம் இருக்கவேண்டும்.

தங்கள் அன்பில் தழைத்த
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
உப்பளத்தெருத் தொடக்கப் பள்ளி, மரக்காணம்.
30.4.1979