ஆடாத குரல்

என் தம்பி குடித்துவிட்டுத் தள்ளாடிப் பாடினான் என்று பொய்யாக இசைத்தட்டு போட்டு, அதைக் கடையில் வைத்து விற்கிறார்கள். நடந்த குற்றம் இதுதான். பல் உடைந்தது, கண்ணாடி உடைந்தது எல்லாம் இதற்குப் பின்னால் வந்தவை. எழுதும் காவலர் பெயர், வயதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். இது முதல் வரியாக இருந்தால்தான் மேலே பேசுவேன் என்று சொன்னதால் அப்படியே எழுதிக்கொண்டார்.

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடி. வயது எழுபத்தொன்று. வண்டிகளின் நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை செய்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்கப் பட்டறையில் நானாகவே கற்றுக்கொண்டேன். ஆகையால் இதில் என்ன எழுதப்படுகிறது என்று எனக்குத் தெரியும்.

என் தம்பி ஒரு ராக் இசைக்குழுவில் பாடிக்கொண்டிருந்தான். மின்சாரம் தாக்கியவன் மாதிரி மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குவான் என்பதால் அவனைக் ‘கரண்டு’ என்று கூப்பிடுவார்கள். அதே குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவன் நெட்டை. குழு ஒரே ஒரு சிங்கிள்தான் போட்டது. சிங்கிள் என்பது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய இசைத்தட்டு. பாட்டைப் பதிவு செய்துவிட்டு அன்று மாலையே வேனில் திரும்பினார்கள். தம்பி ஓட்டினான். வளைவில் வேன் திரும்பாமல் நேராகப் போய் எதிரே வந்த லாரியில் மோதியது. நெட்டைக்குக் கால் ஒடிந்தது. தம்பி அங்கேயே இறந்தான்.

அந்த வேன் எங்கள் பட்டறைக்குத்தான் வந்தது. முன்பக்கத்தை வெட்டிப் பிரித்தவன் நான். ஸ்டியரிங் கம்பி துருப்பிடித்து இரண்டாக முறிந்திருந்தது. பிரேக் மிதியில் அவனுடைய செருப்பு சிக்கியிருந்தது. அதை எடுக்க மிதியை அறுக்க வேண்டியிருந்தது. அவன் வாழ்நாளில் குடித்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. குடித்திருக்கிறான், நானும் அதற்காக அவனை அறைந்திருக்கிறேன். அன்று குடிக்கவில்லை. குடித்தவன் பாட்டு எப்படி இருக்கும், குடிக்காதவன் பாட்டு எப்படி இருக்கும் என்பது அந்தத் தட்டைக் கேட்டால் தெரியும். ஆணி அடித்த மாதிரி நிற்கும் குரல். அவன் சாகும்போது மனைவியின் வயிற்றில் இருந்த மகள், அப்பா என்று தெரிந்துகொண்டது அந்தக் குரலை மட்டும்தான்.

குழுவிலிருந்த மற்றவர்களிடம் தட்டு மிஞ்சவில்லை. என்னிடம் ஒன்று கீறல் இல்லாமல் இருந்தது. நெட்டை இப்போது பழைய இசைத்தட்டுக் கடை வைத்திருக்கிறான். பழைய ராக் சிங்கிள்களைப் புதிதாக அச்சடித்தும் விற்கிறான். அவன் என் வீட்டுக்கு வந்து, பாட்டின் மூல நாடா அழிந்துபோயிற்று, உங்கள் தட்டிலிருந்து எடுத்துத்தான் மறுபதிப்பு போட வேண்டும் என்று கேட்டான். “அண்ணே, பூ மாதிரி வச்சிருந்து கொண்டாந்து குடுத்துடறேன்” என்றான். தம்பியோடு ஒரே வேனில் கிடந்தவன் என்பதற்காகக் கொடுத்தேன்.

அதன் பிறகு மறுபதிப்பு கடைக்கு வந்தது. தம்பி மகள் ஒன்று வாங்கிப் போட்டுக் கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

“பெரியப்பா, அப்பா பாட்டு ஆடுது.”

உன் இசைத்தட்டுப் பெட்டியில் கோளாறு இருக்கும் என்று திட்டினேன். அதன் பிறகு அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். குரல் மேலே போய்க் கீழே விழுந்து, மறுபடி மேலே போயிற்று, படிக்கட்டில் கால் தடுமாறுகிறவன் மாதிரி. அதே பெட்டியில் வேறு தட்டு போட்டோம். அது ஒழுங்காகப் பாடியது. அதன் பிறகு உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். ‘சாவதற்குச் சற்று முன்பு, முழு போதையில் பாடிய கடைசிப் பாட்டு’ என்று அச்சடித்திருந்தது. தம்பி மகள் பெட்டியை அணைத்தாள்.

அதன் பிறகு நான் வீட்டுக்குப் போய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பழைய வேலைப் பழக்கத்தில் பையில் கிடந்திருக்கலாம் அல்லவா என்று துணை ஆய்வாளர் எனக்கு உதவுவதாக நினைத்துக் கேட்டார். கிடக்கவில்லை. பரண் மேல் ஏறி எடுத்தேன்.

கடையில் மூன்று நான்கு பேர் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலருகே ஒரு ஜூக்பாக்ஸ் நின்றது. காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் தட்டை அதுவே எடுத்து வைத்துப் பாடும் பெட்டி. கண்ணாடிக்குள் என் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியில் உட்காரப் பெரிய துளை வேண்டும் என்பதால் நடுவை வெட்டியிருந்தார்கள். துளை நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. தட்டு கோணலாகச் சுற்ற, அதன் மேல் முள் இப்படியும் அப்படியும் போய் வந்தது. ஆடியது தம்பி இல்லை, துளை.

நெட்டையைக் கேட்டேன். “அண்ணே, கோவப்படாதீங்க. ஓட்ட போடும்போது கொஞ்சம் வெலகிடுச்சு” என்றான். விலகியது தெரிந்த பிறகும் அதிலிருந்து ஏன் பதிவு எடுத்தாய், உறையில் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். வாடிக்கையாளர்கள் காதில் விழாதபடி என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“நேரா பாடினா யாருண்ணே வாங்குவா? செத்தவன் தள்ளாடினாத்தான் கேக்கறவனுக்குக் கதை.”

அதன் பிறகு நான் ஜூக்பாக்ஸின் கண்ணாடியை உடைத்தேன். கையை உள்ளே விட்டுத் தட்டை எடுத்தபோது மணிக்கட்டில் கிழித்தது. நெட்டை பின்னாலிருந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இறுக்கினான். சுத்தியலின் கைப்பிடியால் அவன் வாயில் குத்தினேன். தலைப் பக்கத்தால் இல்லை, கைப்பிடியால். தலைப் பக்கத்தால் அடித்திருந்தால் இன்று அவன் புகார் கொடுத்திருக்க மாட்டான். அவன் பற்களைத் துப்பிவிட்டு என் நெற்றியில் தலையால் மோதினான். இருவரும் தட்டு அலமாரியோடு சாய்ந்தோம்.

அதன் பிறகு அவனுடைய மருமகன் வந்தான். எடை தூக்கிப் பழகிய உடம்பு. வாடிக்கையாளர்களை வெளியே தள்ளிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டான். என் மார்பில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, தட்டைப் பிடித்திருந்த வலது கையை முறுக்கினான்.

“விடறியா, ஒடிக்கட்டா கிழவா?”

“ஒடிடா” என்றேன்.

ஒடித்தான். முதலில் சுண்டுவிரல், அதன் பிறகு மோதிர விரல். பச்சைக் குச்சி முறிகிற சத்தம் வந்தது. மூன்றாவதைப் பிடிக்கக் குனிந்தபோது அவன் காதைக் கடித்தேன், வாய்க்குள் துண்டு வரும்வரை விடவில்லை. அவன் எழுந்து சுவரில் சாய்ந்தான். இடது கையில் சுத்தியலை எடுத்து அவன் முழங்காலில் ஒரே அடி அடித்தேன், உட்கார்ந்துவிட்டான். நெட்டை மேசைக்கு அடியில் போய், “அண்ணே, போதும்ணே” என்று அழுதான். அவனை மேற்கொண்டு தொடவில்லை.

அதன் பிறகு மறுபதிப்புகளை அடுக்கி வைத்திருந்த பெட்டிகளைக் கீழே தள்ளினேன். இந்தத் தட்டுகள் கீழே போட்டவுடன் உடைகிறவை அல்ல, வளையும். ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்து வைத்து மிதித்து உடைத்தேன். நிறைய நேரம் ஆயிற்று. யாரும் தடுக்கவில்லை. போலீஸ் ஷட்டரைத் தூக்கியபோது சுத்தியலை நானே கொடுத்தேன். தட்டைக் கொடுக்கவில்லை. சட்டைக்குள் இருந்த அதை மருத்துவமனையில் சட்டையை வெட்டும்போதுதான் எடுத்தார்கள்.

தம்பி மகள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். மருத்துவமனையில் என்னைப் பார்த்தவள் அழுவாள் என்று நினைத்தேன். “முன்பல்லா, கடவாயா பெரியப்பா?” என்றுதான் கேட்டாள். நெட்டைக்குப் போனது முன்பல் என்றேன். “அப்ப இனிமே அவர் பேசறதும் கொஞ்சம் ஆடும்” என்றாள்.

இனி செய்ய வேண்டியவை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம், அது இதில் இல்லை.

சாட்சிப் பொருளாக எடுத்த தட்டை ஆய்வாளர் நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்கப் போட்டு அதன் மேல் கோப்புகளை அடுக்கக் கூடாது. அரக்கு முத்திரையை உறையில்தான் வைக்க வேண்டும், தட்டில் படக் கூடாது. அதில் காய்ந்திருக்கும் ரத்தம் என்னுடையதும் நெட்டையின் மருமகனுடையதும். பரிசோதனைக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியைத் தண்ணீரில் கழுவ வேண்டும், துணியால் தேய்க்கக் கூடாது.

விற்றுப்போன தட்டுகளை நெட்டை திரும்ப வாங்க வேண்டும். உறையில் எழுதியது பொய் என்று அதே அளவு எழுத்தில் அவனே அச்சடிக்க வேண்டும். அவன் மருமகன் மேல் விரலுக்காக நான் புகார் தரவில்லை. கேட்டான், சொன்னேன், செய்தான். அந்தக் காதுக்கு வழக்கு போட அவனுக்கு உரிமை உண்டு.

நீதிபதி அந்தத் தட்டைக் கேட்க வேண்டும். பெரிய துளை என்பதால், அதை அடைக்க நடுவில் செருகும் கட்டை இல்லாமல் அப்படியே பெட்டியில் வைத்து, முள் ஆடாமல் நிற்கும்வரை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் தட்டு நேராகிவிடும். அதைத் தம்பி மகள் செய்ய வேண்டும். என் விரல்கள் இப்போது உதவாது. தட்டு நேராக நின்ற பிறகும் அவன் குரல் ஆடினால் எனக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் போடட்டும். ஆடாவிட்டால், ஆடவில்லை என்று தீர்ப்பில் எழுத வேண்டும். அதற்கு அடுத்த வரியில் எனக்கான தண்டனையை எழுதிக்கொள்ளலாம்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ‘ஆத்திரத்தில்’ என்று ஓரிடத்தில் சேர்த்திருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மீதி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னது எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. வலது கை மாவுக்கட்டில் இருப்பதால் இடது கையால் கையெழுத்திட்டுள்ளேன். எழுத்து கோணலாக இருக்கும். குடித்திருக்கவில்லை.