ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளிர்ந்த ஊர்

ஆராய்ச்சி, ஆராய்ச்சின்னு இவ்வளவு நேரம் பேசிட்டேன். முன்வரிசையில ரெண்டு பேர் கொட்டாவி விட்டாச்சு. அதனால... ஒரு குட்டிக் கதைக்குள்ள போயிட்டு வந்துடுவோம், வாங்க.

சேலம் பக்கம் ஒரு கல்லூரி. பேரு வேண்டாம். அங்கே முத்தரசின்னு ஒரு ஆராய்ச்சி மாணவி. ஊர் ஏன் சூடாகுது, எந்த இடம் அதிகமாச் சூடாகுது... இதுதான் அவங்க படிப்பு. அஞ்சு வருஷம் ஓடிடுச்சு. மார்ச் கடைசிக்குள்ள அவங்க கட்டுரை ஒண்ணாவது ஆய்விதழ்ல வந்தாகணும். வரலைன்னா? பதிவு ரத்து. அஞ்சு வருஷமும் போச்சு.

அவங்க கைடு பேராசிரியர் குலசேகரன். பெரிய ஆள். எதனால பெரிய ஆள்? பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒண்ணு கண்டுபிடிச்சார். அந்த ஊர் வாரத்துல ஆறு நாள் கொதிக்குது... ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூணு டிகிரி குறையுது.

ஒரு கட்டுரை வந்தா என்ன ஆகும்? அதைப் பார்த்து இன்னொண்ணு வரும். ரெண்டையும் பார்த்து மூணாவது வரும். அன்னிக்கு பஸ் குறைவுன்னு ஒருத்தர் எழுதினார். பட்டறைகளுக்கு லீவுன்னு ஒருத்தர். மக்கள் லேட்டா எழுந்திரிக்கிறதாலதான் ஊர் குளிருதுன்னு ஒருத்தர் பன்னிரண்டு பக்கம் எழுதினார், கலர் வரைபடத்தோட. மொத்தம் பதினேழு கட்டுரை. எல்லாத்துக்கும் கடைசி வரி ஒண்ணுதான்... 'மேலும் ஆய்வு தேவை.'

முத்தரசியோடது பதினெட்டாவது. ஆய்விதழ்காரங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. கருவியோட போட்டோ ஒண்ணு மட்டும் அனுப்பச் சொன்னாங்க.

போட்டோதானே? வெப்பமானி கல்லூரி மொட்டைமாடியில ஒரு வெள்ளைப் பெட்டிக்குள்ள இருக்கு. எண்ணெல்லாம் வயர் வழியா கீழே கம்ப்யூட்டருக்கு வந்துடும். அதனால பத்து வருஷமா ஒருத்தரும் மேலே போகல. முத்தரசி போனாங்க. பெட்டி இருந்தது. அதுக்கு ரெண்டு முழம் தள்ளி... கேண்டீனோட புகைபோக்கியும் இருந்தது.

ஓடினாங்க கேண்டீனுக்கு. மாஸ்டர் சூசைராஜ் வடை தட்டிக்கிட்டு இருந்தார். அடுப்பு எப்போல்லாம் எரியும்னு கேட்டாங்க. ஆறு நாளும் எரியும், ஞாயித்துக்கிழமை லீவுன்னார். முத்தரசி அடுத்ததையும் கேட்டுட்டாங்க.

"வெள்ளிக்கிழமை மட்டும் ஏண்ணே கூடுதலாச் சூடு?"

"பிரியாணிம்மா."

அந்த வெள்ளிக்கிழமையைப் பத்தித் தனியா ரெண்டு கட்டுரை இருக்குங்க.

குலசேகரன் சார் எல்லாத்தையும் கேட்டார். அப்புறம் மெதுவா... "உன்னை மாடிக்கு யாரும்மா போகச் சொன்னா?"

"போட்டோ கேட்டாங்க சார்."

"பதினேழு கட்டுரைம்மா. பதினேழும் தப்பா?"

"பதினேழும் நம்ம பெட்டியைத்தான் சார் நம்பியிருக்கு."

புகைபோக்கி எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டு, சார் ஒரு யோசனை சொன்னார். தெற்குப் பக்கமா நின்னு எடுத்தா புகைபோக்கி படத்துல விழாதாம். மார்ச் முடிய ஒன்பது நாள்தான் இருக்குன்னும் ஞாபகப்படுத்தினார்.

முத்தரசி மறுபடி மேலே போனாங்க. தெற்குப் பக்கம் நின்னாங்க. நிஜமாவே விழல. ஒரு அழுத்து அழுத்தினா பட்டம். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? கையைத் தூக்க வேண்டாம்... மனசுக்குள்ள சொல்லிக்குங்க.

அதுக்குள்ள, போட்டோ எடுக்கிறாங்கன்னு தெரிஞ்சு மாஸ்டரும் மேலே வந்துட்டார். தலை வாரி, பவுடர் பூசி, கையில கரண்டியோட. வந்தவர் நேரா புகைபோக்கி பக்கத்துல போய் நின்னார். "இத்தனை வருஷமா இந்த ஊரைச் சூடாக்குறதே நான்தானாமே. என்னை விட்டுட்டு எப்படிம்மா எடுப்ப?"

முத்தரசிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே வடக்குப் பக்கம் வந்தாங்க. பெட்டி, புகைபோக்கி, மாஸ்டர், கரண்டி... எல்லாம் விழுற மாதிரி ஒரு படம். அதை அனுப்பி, என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துடுங்கன்னு எழுதிட்டாங்க.

கட்டுரை திரும்பி வந்தது. இனி ஒரே வழி, ஆறு மாச அவகாசம். அதுக்கு யார் கையெழுத்துப் போடணும்? அதே சார்தான். படிவத்தை அவர் மேஜையில வச்சுட்டு வந்தாங்க. மூணு நாள் அவர் அதைத் தொடல. நாலாம் நாள்... மாடிப்படி ஏறினார். முதல் தடவையா. மூச்சு வாங்க அந்தப் பெட்டிகிட்டயே அரை மணி நேரம் நின்னார். இறங்கி வந்தப்போ சட்டையெல்லாம் வெங்காய வாசம். கையெழுத்துப் போட்டார். போட்டுட்டு, "நடந்ததைக் கட்டுரையா எழுது. தப்பு யாரோடதுன்னு சொல்ற இடத்துல என் பேரை முழுசா எழுது"ன்னார்.

எழுதினாங்க. ஆகஸ்ட்ல வந்தது. பட்டமும் வந்தது. ஆனா ஞாயிற்றுக்கிழமை ஏன் குளிருதுன்னு போன மாசம்கூட எங்கேயோ ஒருத்தர் எழுதியிருக்கார்... மேலும் ஆய்வு தேவையாம்.

இதை எதுக்குச் சொன்னேன்? ஊர் சூடாகலைன்னு சொல்லவா? இல்லவே இல்லை. மத்தியானம் நம்ம மைதானத்துல செருப்பில்லாம நடந்து பாருங்க, தெரியும். சூடு நிஜம். அதனாலதான் அளக்குறதும் நிஜமா இருக்கணும். எந்தத் தெருவுல மரம் வைக்கணும்னு அந்த எண்ணைப் பார்த்துத்தானே முடிவு பண்ணுவாங்க? ஒருத்தர் பார்த்ததைப் பதினேழு பேர் பார்த்து எழுதினா, பதினெட்டு பேர் பார்த்ததா ஆகாது. ஒருத்தர் பார்த்ததுதான்.

நாம மட்டும் என்ன? நம்ம இயற்பியல் ரெக்கார்டு நோட்டுல அந்த ஊசல் சோதனையை நினைச்சுப் பாருங்க. போன வருஷ அக்கா நோட்டைப் பார்த்து நாற்பத்திரண்டு பேர் எழுதியிருக்கோம். அந்த அக்கா யாரைப் பார்த்து எழுதினாங்களோ... ஊசலை ஒருத்தராவது ஆட்டினோமா?

மிஸ் இங்கேயே உட்கார்ந்திருக்காங்க, சொல்லப் பயமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு லேப் திறந்ததும் நான் ஆட்டப் போறேன். என்ன எண் வருதோ, அதை எழுதப் போறேன். கடிகாரம் பார்க்க ஒரு ஆள் வேணும்... யார் வர்றீங்க?