முகத்துவாரத்துச் சிப்பி

கூடைப்பந்தை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது கழுத்துக்கு நல்லதல்ல. இரண்டு மீட்டர் உயரப் பையன்களைப் பதினோரு வருடம் அண்ணாந்து பார்த்ததில் எனக்கு இடது பக்கம் பிடித்துக்கொண்டது. பின்வரிசைக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். அவர் எப்போதும் பின்வரிசைக்காரர், அவருக்கு என்ன தெரியும்.

நீங்கள் சுகாதார அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். தேநீர் குடியுங்கள், அதில் ஒன்றும் இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன்.

பெயர் நவதே மசூயோ. வயது அறுபத்து மூன்று. தொழில் சிப்பி வளர்ப்பு. அமஹாமா நாரைகள் அணியின் ரசிகர் மன்றத் தலைவி. நாரை என்று பெயர் வைத்தால் ஒற்றைக்காலில் நின்று வேடிக்கைதான் பார்க்கும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். பொய்யில்லை. இரண்டாம் பிரிவில் வருடா வருடம் கடைசியிலிருந்து மூன்றாவதாக வந்துகொண்டிருந்தோம். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தோற்ற பையன்கள் நேராக என் கொட்டகைக்கு வருவார்கள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சிப்பி சுட்டுத் தின்பார்கள், அழுவார்கள், அப்புறம் சிரிப்பார்கள். ஜெயித்தவனுக்கு ஊரே சொந்தம். தோற்றவனுக்குத்தான் அத்தை வேண்டும். எல்லோருக்கும் நான் அத்தைதான், அமெரிக்காவிலிருந்து வந்த ஜெரோமுக்கும்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அவர்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். புதிதாக வந்த பயிற்சியாளர் காரணம் என்றார்கள். கேப்டன் குனிசாகிக்கு முப்பத்தைந்து வயதில் திடீரென்று கை தெளிந்தது. மே மாதத்தில் பார்த்தால், இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் முதல் பிரிவு. ஊரே கோயிலுக்கு ஓடி மணியை ஆட்டியது.

முதல் பிரிவுக்கு ஐயாயிரம் பேர் உட்காரும் அரங்கம் வேண்டும் என்பது விதி. எங்கள் நகராட்சிக் கூடத்தில் ஆயிரத்து எண்ணூறு பேர், அதுவும் நெருக்கியடித்து. மாகாணத் தலைநகரில் புதிதாக ஒன்று கட்டி முடித்திருந்தார்கள். ஜெயித்தால் அணி அங்கே போய்விடுமா என்று அணி மேலாளரிடம் கேட்டேன்.

"ரெண்டு மணி நேர ரயில்தானே அத்தை," என்றார். "நீங்க வராமலா இருந்துடப் போறீங்க?"

அங்கிருந்து ஊர் திரும்பக் கடைசி ரயில் எட்டரைக்கு. ஆட்டம் முடிவது ஒன்பது மணிக்கு. இதை யோசித்தது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் சிப்பி வளர்க்க எங்களுக்கு ஒரு தெப்பம் உண்டு. பெருமழை பெய்தால் ஊர்ச் சாக்கடையெல்லாம் ஆற்றோடு அந்தப் பக்கம் வரும். அதற்கப்புறம் பத்து நாள் அந்தத் தெப்பத்துச் சிப்பியைப் பச்சையாகத் தொடக் கூடாது என்பார் என் வீட்டுக்காரர். அவர் இருந்தவரை தொட்டதில்லை. அந்த வாரம் நல்ல மழை.

வியாழக்கிழமை மாலை ஏழு பேரை அழைத்தேன். ஆட்டம் சனிக்கிழமை. பருவம் முடிகிறவரை பச்சைச் சிப்பி கூடாது என்று பயிற்சியாளர் தடை போட்டிருந்தார். தடை போட்டால் ருசி கூடும்.

"அத்தை, கோச்சுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாரு," என்றான் குனிசாகி.

"அப்போ தெரியாம தின்னுடா," என்றேன்.

ஜெரோம் பதினான்கு தின்றான். நான் எனக்கு மட்டும் நன்றாகச் சுட்டுக்கொண்டேன். பல் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கும். நான்கு பேர் படுக்கையைவிட்டு எழவில்லை. ஜெரோம் ஃப்ரீ த்ரோ எறியப் பந்தை வாங்கினான், நடுவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினான். அதற்கு எதிரணிக்காரர்கள்கூடச் சிரிக்கவில்லை, நல்ல பையன்கள். குனிசாகி மட்டும் துண்டில் வாந்தியெடுத்துவிட்டு வந்து வந்து ஆடினான். மூன்றாம் பகுதியில் என் காலடியில் விழுந்தான். முப்பத்தொரு புள்ளியில் தோற்றோம். நான்தான் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

உங்கள் அலுவலகத்தார் வந்து விசாரித்தார்கள். சிப்பி தின்றதாக ஒரு பையன்கூட வாய் திறக்கவில்லை. பயிற்சியாளரிடம் பயம், அதைவிட என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. அப்படி வளர்த்திருந்தேன். அணி முழுக்கத் தின்றதாகக் கணக்கில் இருந்தது தொரிகோயே அண்ணன் கடையின் சோற்றுப்பெட்டி ஒன்றுதான். மன்றத்தில் எனக்குப் பக்கத்து இருக்கை அவருக்கு. அவர் சமையலறையில் எதுவும் அகப்படவில்லை. ஆனாலும் ஐந்து நாள் கடையை மூட உத்தரவு.

யாரும் கேட்காமலே அவர் ஆடுகளத்தின் நடுவே வந்து நின்று ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்டுக் குனிந்தார். எழுபது வயது முதுகு. வெகுநேரம் நிமிரவில்லை. யாராவது ஏதாவது செய்யவேண்டும் போலிருந்தது. நான்தான் முதலில் கைதட்டினேன். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். அவர் என்னைப் பார்த்து அழுதார், இந்த நன்றியை மறக்கமாட்டேன் என்றார். கடையை அவர் மறுபடி திறக்கவில்லை. ஒசாகாவில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

குனிசாகிக்கு உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. இனி ஆடக் கூடாது என்றுவிட்டார்கள். நான் கொட்டகையில் வேலை கொடுத்தேன். உத்தரத்தில் தினம் இரண்டு முறை தலையை இடித்துக்கொள்வான். உப்பில்லாமல் அவனுக்குத் தனியாகச் சமைத்தேன். சொந்தத் தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று ஊரில் சொன்னார்கள்.

ஜெரோம் அந்தக் கோடையிலேயே தன் நாட்டுக்குப் போய்விட்டான். போன வாரம் அங்கே ஏதோ பேட்டியில், ஜப்பானில் மறக்க முடியாதது அத்தையின் பச்சைச் சிப்பி என்றும், இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பதினான்கு தின்றதாகவும் சொல்லியிருக்கிறான். நன்றியுள்ள பையன்.

அந்தப் பேட்டி குனிசாகி கண்ணிலும் பட்டிருக்கிறது. நேற்றுக் காலை அவன் சிப்பி உடைக்கிற கத்தியைக் கீழே வைத்தான்.

"அத்தை, அன்னிக்கு அது எந்தத் தெப்பத்துச் சிப்பி?"

நான் அவனிடம் பொய் சொல்வதில்லை. "முகத்துவாரத்தோடது," என்றேன்.

"மழைக்கப்புறமா?"

"மழைக்கப்புறம்தான்."

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"தெரியாம நான் எதையும் குடுக்கமாட்டேன்டா."

கத்தவில்லை, அடிக்கவில்லை. சோப்புப் போட்டு வெகுநேரம் கை கழுவினான். தொரிகோயே அண்ணனின் ஒசாகா முகவரி கேட்டான். என்னிடம் இல்லை என்றேன். ஏப்ரனை மடித்து வைத்துவிட்டுப் போனான். உங்களை இங்கே அனுப்பியதும் அவன்தான் என்று தெரியும். அவன் அறையில் பாய்கூட இல்லை என்று அவனுக்கு அறை வாடகைக்கு விட்டவர் சொன்னார்.

கோபம் ஆறினால் திரும்புவான். அதுவரை நீங்கள் இதை எழுதிக்கொள்ளுங்கள்: ஆமாம், நான்தான் செய்தேன், யோசித்துத்தான் செய்தேன். அணி இன்னும் எங்கள் கூடத்தில்தான் ஆடுகிறது. முதல் வரிசையில் இப்போது தாராளமாகக் கால் நீட்டி உட்காரலாம், பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. அன்றைக்கு மட்டும் நான் அந்தத் தெப்பத்துக்குப் போகாமலிருந்தால், எல்லோரும் என்னை விட்டுப் போயிருப்பார்கள்.