ஒவ்வாமை: இல்லை

எல்லாரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கும் இடத்தில் நான் யாருக்கும் அறை போட்டுத் தருவதில்லை. குறை சொல்லி எழுதியவர்களைத்தான் முதலில் படிப்பேன். வெந்நீர் வரவில்லை, நாய் குரைத்தது, போர்வையில் ஈர வாடை என்று இருந்தால், அங்கே உண்மையிலேயே மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். கொடைக்கானலுக்கு வருகிறவர்களுக்குத் தங்குமிடம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது ஏழு வருடமாக என் தொழில். எம்.எஸ்சி. தாவரவியல் படித்திருக்கிறேன். அது இதற்குத் தேவைப்படவில்லை.

செல்வமுருகனுக்கு முடி நட நல்ல டாக்டர் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது இதனால்தான். நான் கேட்டு வாங்கவில்லை.

செல்வமுருகன் என் மனைவி ஜோதிமணியின் அண்ணன். வயது முப்பத்து மூன்று. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. உழைப்பாளி. குடிக்க மாட்டான். உச்சந்தலையில் முடி கிடையாது, அது ஒன்றுதான் குறை. நான்கைந்து வருடம் அதையும் சமாளித்தான். பெண் பார்க்கப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் மலையேறி மொட்டை போட்டுக்கொள்வான். பழனியில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை. நேர்த்திக்கடன் என்றால் பெண் வீட்டுக்கு மரியாதைகூடக் கூடும். நிச்சயம் வரைக்கும் போய், ஓரத்தில் மட்டும் முடி வளர ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிடும். ஐந்தாவது முறை தரகர் ஞானவேல் கடை வாசலிலேயே வைத்துச் சொன்னார்.

"ஏலே, போதும்டா. முருகனுக்கே ஒன் மண்டையப் பாத்து அலுத்துப் போயிருக்கும்."

அதற்குப் பிறகுதான் அவன் ஒட்டுமுடிக்குப் போனான்.

கடந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை. கன்னிவாடியில் ஷர்மிளா என்ற பெண்ணைப் பார்க்கப் போக என் காரை எடுத்துப் போனான். மதியம் ஒரு மணிக்குள் வடகவுஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி நிற்கும் என்றான். அதற்கு முன் திண்டுக்கல்லுக்குப் போய் ஒட்டுமுடி பொருத்திக்கொள்ள நேரம் அதிகமாகிவிட்டது. பெண் வீட்டில் மணி அடிக்கக் கூடாது என்று போனைச் சத்தமில்லாமல் வைத்திருக்கிறான். ஜோதிமணிக்குப் பத்து மணிக்கு அடிவயிற்றில் வலி தொடங்கியது. இரண்டு மாதம் அப்போது. அவன் நாலு மணிக்கு வந்தான். காரிலிருந்து இறங்கியவனின் நெற்றி மேல் அடர்த்தியான கறுப்பு முடி இருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

பெருமாள்மலையில் சீசன் நெரிசல். கார் அசையவில்லை. அவள் அங்கேயே இறந்தாள். கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்திருக்கிறது. இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

நான் அவனிடம் கோபப்படவில்லை. இதை எல்லாரும் பார்த்தார்கள். காரியம் முடிந்த அன்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஜோதிமணி கொடைக்கானலில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருந்தாள். காகிதங்களை ஒழுங்காக வைப்பவள். அவளுடைய கோப்பில் ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. அது அவளுடையது அல்ல, செல்வமுருகனுடையது. பத்தொன்பது வயதில் அவன் பல் பிடுங்கப் போயிருக்கிறான். மரத்துப்போக ஊசி போட்டதும் உடம்பு தடித்து, மூச்சு நின்றுபோகும் நிலைக்கு வந்துவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். அந்த ஊசி இவருக்கு ஆகாது, எந்த நிலையிலும் போடக் கூடாது என்று எழுதி, அங்கிருந்த டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அட்டை அது.

அந்த வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. அப்போது அவன் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தான். விரத காலத்தில் ரத்தம் சிந்தியதால்தான் சாமி தள்ளிவிட்டது என்று அவனுடைய அம்மா கந்தம்மாள் முடிவு செய்தார். மறு வருடம் இரண்டு காவடி எடுத்து அதைச் சரிசெய்தார்கள். அவனும் அப்படித்தான் நம்பினான். அட்டையை வைத்திருந்தது ஜோதிமணி மட்டும்தான். அவன் எந்த டாக்டரிடம் போனாலும் கூடவே போவாள். அவனுக்கு முன்னால் உள்ளே நுழைந்து அட்டையை மேசையில் வைப்பாள்.

அவள் போனபின் அட்டை என்னிடம் வந்தது.

ஆறு மாதம் கழித்து அவன் வடகவுஞ்சிக்கு வந்தான். ஒட்டுமுடி தலையை அரிப்பதாகச் சொன்னான். ஷர்மிளா வீட்டில், துக்கம் நடந்த வீடு, வருடம் திரும்பட்டும் என்று காத்திருந்தார்கள். அதற்குள் சொந்த முடி வந்துவிட வேண்டும்.

"மாப்ள, ஒங்களுக்குத்தான் இந்த ஆன்லைன் சோலியெல்லாம் தெரியும். நல்ல டாக்டரா ஒருத்தரப் பாத்துக் குடுங்க. ஜோதி இருந்தா அவளே பாத்துருப்பா."

பார்க்கிறேன் என்றேன்.

நேர்மையாகத்தான் தொடங்கினேன். பதினெட்டு நாள் படித்தேன். முடி நடுவதில் நல்ல டாக்டரை எப்படி அடையாளம் காண்பது என்பது அறை தேடுவதைவிடக் கடினமில்லை. பலகையில் பெயரும் படிப்பும் பதிவு எண்ணும் இருக்கும். தோலில் கீறுவது யார் என்று கேட்டால் நான்தான் என்பார். ஒரு நாளில் ஒருவருக்கு மேல் எடுக்க மாட்டார். அவசர மருந்துகளும் மயக்க மருந்து டாக்டரும் பக்கத்தில் இருப்பார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தேவையில்லை என்றால் தேவையில்லை என்று திருப்பி அனுப்புவார்.

அப்படி ஒருவர் கோயம்புத்தூரில் கிடைத்தார். அழைத்துப்போனேன். அறுபது வயது இருக்கும், அவருக்கே வழுக்கை. செல்வமுருகன் என் காதில், "தன் தலைக்கே ஒரு வழி பண்ணல, நமக்கு என்னத்தப் பண்ணப் போறாரு?" என்றான். எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது.

டாக்டர் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். மரத்துப்போக ஊசி போட்டு எப்போதாவது தொந்தரவு வந்ததா என்றும் கேட்டார்.

"ஒரே ஒருக்கா பல்லு புடுங்கயில மயங்கிட்டேங்க. அது விரதக் கோளாறுங்க" என்றான் செல்வமுருகன். பிறகு என் பக்கம் திரும்பினான். "ஜோதி ஏதோ அட்டை வச்சிருந்தாளே மாப்ள?"

அட்டை என் பையில் இருந்தது. அவரிடம் காட்டத்தான் எடுத்து வந்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"வீட்ல தேடிப் பாக்கணும் மச்சான்" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்னபின் யோசித்தேன். டாக்டர் பேனாவை மூடினார். அந்த அட்டையைப் பார்க்காமல், ஒவ்வாமைச் சோதனை செய்யாமல், தலையில் ஓர் ஊசிகூடப் போட மாட்டேன் என்றார். இது உயிர் போகிற விஷயம் என்று இரண்டு முறை சொன்னார். ஒருமுறை அவனைப் பார்த்து, ஒருமுறை என்னைப் பார்த்து. இவரிடம் வந்தால் இவன் சாக மாட்டான் என்பது எனக்கு விளங்கியது. நல்ல டாக்டர் என்றால் என்ன என்பதும் அப்போதுதான் முழுதாக விளங்கியது.

திரும்பும் வழியில் அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"பல்லப் புடுங்குனதுக்கும் முடி நடுறதுக்கும் என்ன மாப்ள சம்பந்தம்? ஊர்ல எவனெவனோ நட்டுக்கிட்டுத் திரியிறான்."

"வேற எடத்துல கேட்டா அதச் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க மச்சான். சும்மா இழுத்தடிப்பாங்க."

"அதான. வெரசா முடிக்கிற ஆளாப் பாருங்க."

பார்த்தேன். அதே பட்டியலைத் தலைகீழாக வைத்துக்கொண்டு தேடினேன். ஒன்பது நாளில் கிடைத்தது. அந்த இடத்தை இப்போது நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள், விவரிக்கத் தேவையில்லை. செருப்புக் கடைக்கு மேல் மாடி. பலகையில் டாக்டர் பெயர் இல்லை. ஒரே வாரத்தில் எழுதப்பட்ட நாற்பது கருத்துகள், எல்லாம் ஐந்து நட்சத்திரம். நடத்துகிற சேனாதிபதி முன்பு அழகு நிலையத்தில் வேலை பார்த்தவர். நான் தனியாகப் போய்ப் பேசினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"கல்யாணம் என்னிக்கு சார்?"

தேதியை நான்தான் குறித்தேன். கிருத்திகை. கிருத்திகை தவறாமல் செல்வமுருகன் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீரோடு இருப்பான். அது எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் முன்னால் ஷர்மிளா எனக்கு போன் செய்தாள். ஞானவேலிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறாள்.

"அண்ணே, அவரு ஏதோ ஆபரேசன் பண்ணிக்கிறாராம்ல? வேண்டாம்னு சொல்லுங்கண்ணே. எனக்கு அன்னிக்கே தெரியும். வேர்வையில நெத்தி ஓரமா பசை வழிஞ்சு நின்னுச்சு. பாவமா இருந்துச்சு, சிரிப்பாவும் வந்துச்சு. எனக்கு அந்த மண்டையே போதும்ணே. நானே சொன்னா கூச்சப்படுவாரு, நீங்க சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். நல்ல பெண். அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அன்று காலை பத்து மணிக்கு மாடியேறினோம். ஆங்கிலத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். செல்வமுருகன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். "நீங்களே நெரப்பிருங்க மாப்ள" என்றான். பெயர், வயது, முகவரி எழுதினேன். ஒவ்வாமை என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தை அவனுக்குக் காட்டினேன். உள்ளே போவதற்கு முன் அவன் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"இனிமே மொட்டைன்னா வேண்டுதலுக்கு மட்டுந்தான் மாப்ள."

நான் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் சேனாதிபதி படியில் ஓடிவந்தார். அவர் கையில் இன்னும் ரப்பர் உறை இருந்தது.

"சார், ஒரு மாதிரி ஆயிட்டாரு. சாப்டாம வந்தாரா?"

"கிருத்திகை விரதம்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், அவருக்கும் அது புரிந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். நான் மேலே போனேன். உதடும் கண்ணும் வீங்கியிருந்தன. மூச்சு விசில் மாதிரி வந்தது. அவன் என்னைப் பார்த்தான். ஏதோ கேட்க முயன்றான். அங்கிருந்த பெண் ஒருத்தி, "108-க்கு அடிச்சிரட்டுமா சார்?" என்று என்னிடம் கேட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா. விரதத்துல இவருக்கு இப்படி வரும், தானாச் சரியாயிரும்" என்றேன்.

இருபத்தைந்து நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்காக ஆறு மணி நேரம் காத்திருந்தவள் ஒருத்தி. இருபத்தைந்து நிமிடம் அதிகமில்லை.

நீங்கள் சேனாதிபதியைப் பிடித்தீர்கள். கவனக்குறைவால் மரணம் என்று எழுதினீர்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். போன வாரம் பழனி வீட்டுக்குப் போனேன். கந்தம்மாள் அத்தை ஒரு வேளைதான் சாப்பிடுகிறார். "கிருத்திகையும் அதுவுமா ரத்தஞ் சிந்த விட்டுட்டேனே, ஏம் புள்ளைய நானே கொன்னுட்டேனே" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தப்பான கணக்கை இரண்டாவது முறையும் அவர்கள் நம்புவதை நான் விரும்பவில்லை. அதனால் மஞ்சள் அட்டையை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். செல்வமுருகனைக் கொன்றது நான். தெரிந்து, திட்டமிட்டு, நாள் குறித்துச் செய்தேன். மேலே உள்ளது எல்லாம் என் கையால் எழுதியது. யாரும் மிரட்டவில்லை.

இன்ஸ்பெக்டர் சண்முகவள்ளி மேடம் இதைப் படித்து, விசாரித்துவிட்டு வந்து, நான் எழுதாத ஒன்றைப் பற்றிக் கேட்டார். மே மாதம் அந்தச் சனிக்கிழமை என் போனிலிருந்து போன அழைப்புகளை எடுத்து வைத்திருக்கிறார். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை பதினொரு அழைப்பு, எல்லாம் செல்வமுருகன் எண்ணுக்கு. வடகவுஞ்சியில் எங்கள் பக்கத்து வீட்டு அப்துல் குத்தூஸ் பாயிடமும் விசாரித்திருக்கிறார்.

"பதினோரு மணிக்கே வாசல்ல வந்து நின்னு, நம்ம கேரட் ஏத்துற வண்டி சும்மாத்தான் நிக்கிது தம்பி, புள்ளைய ஏத்துங்கன்னாராமே. கொஞ்சம் பொறுங்க பாய், என் வண்டி வந்துரும்னு நீங்கதான் சொன்னீங்களாம். 108-க்காச்சும் ஏன் அடிக்கல அஜித்குமார்?"

அந்தக் கேள்வியையும் என் பதிலையும் கடைசியில் சேர்த்து எழுதச் சொன்னார். கேள்வியை எழுதிவிட்டேன். பதில்: அதற்கும் இந்த வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குற்றவாளியைத்தான் நான் உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டேனே. அவன் நாலு மணிக்கு வந்தான்.