மஞ்சள் படகும் என் வலது காதும்

தட்டை அடி வேகப்படகில் போகிறவனுக்கு வாயில் பல் இருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். காற்று நாளில் தண்ணீர் கீழேயிருந்து அறைகிற அறையில் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். எனக்கு நாலே பல். ஆகவே நான் எந்தப் படகிலும் போகலாம்.

இதை நீங்கள் எழுத வேண்டாம், சார். படகைப் பற்றி எனக்குத் தெரியும் என்று காட்டத்தான் சொன்னேன். பெயர் வீரராகவன், வயது அறுபத்தெட்டு, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம். காணும் பொங்கலன்று நடந்ததை விபத்து என்று எழுதிக் கேஸை மூடிவிட்டீர்கள். அதைத் திறக்கச் சொல்லி வந்திருக்கிறேன்.

ஊரில் எனக்குப் புளுகன் என்று பெயர். மறுக்கவில்லை. ஒரு நண்டு என் கைக்கடிகாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், சாவி கொடுக்கத் தெரியவில்லை என்று அடுத்த வருடம் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தது. இதை நான் சொல்லாத டீக்கடை இல்லை. புளுகும்போது என் வலது கை தானாக வலது காதுக்குப் போய்விடும். எனக்கே தெரியாத அந்தப் பழக்கத்தைக் கண்டுபிடித்தவன் வடிவேலு. நாற்பது வருடம் என்னோடு ஒரே படகில் வலை போட்டவன். "கையைப் பாருங்கபா. காதாண்ட போச்சுன்னா கதை. போவலையா, அது கோயில்ல சத்தியம் பண்ண மாதிரி" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவைத்தான். அதனால் என் புளுகுக்குச் சிரிப்பும் என் உண்மைக்கு ஒரு மரியாதையும் இருந்தது. இரண்டும் அவன் வாங்கிக் கொடுத்ததுதான்.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று உண்டு. எந்த வீட்டுக்கு எந்த நாள் எந்த இடம் என்று ஊர் கூடி முறை வைக்கும். பட்டியலில் தலைக்கட்டாக, அதாவது ஒரு குடும்பமாக, பெயர் இருந்தால் ஏரியில் இடம் உண்டு. இல்லாவிட்டால் கரையில் நின்று பூநாரை பார்க்கலாம், வெளியூர்க்காரன் மாதிரி. ஒரு வருடம் முழுக்க வலை போடாதவன் பெயரை எடுத்துவிடுவது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு.

இரண்டு வருடத்துக்கு முன் பொன்னேரியில் எனக்குக் கண் ஆபரேஷன். இரண்டு மாதம் ஏரிக்குப் போகவில்லை. மற்றப் பத்து மாதமும் வடிவேலுவோடு போனேன். வருடம் முழுக்கப் போகவில்லை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் கை கட்டி நின்று, "போனேன். வடிவேலுவைக் கேளுங்க" என்றேன். வேறு யாரைச் சொல்வேன்?

வடிவேலு எழுந்தான். "எங்கூட ரெண்டு வாட்டி வந்துருப்பான். மிச்சமெல்லாம் அவன் வுடற கதை."

"கையைப் பாருபா. கட்டிக்கினுதானே நிக்கறேன்?" என்றேன்.

"கையைக் கட்டிக்கினே தோளால காதைத் தேச்சியே, எனக்குத் தெரியாதா?"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், சார். நல்ல புளுகை மதிக்கத் தெரிந்தவன் நான். நாற்பது வருடத்தில் அவன் சொன்ன ஒரே நல்ல புளுகு அது. என் பெயரை அடித்தார்கள். அந்த இடத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு பையனின் பெயரை ஏற்றினார்கள். வடிவேலுவின் ஒரே மகன், ஹேமந்த்.

வீட்டில் சொன்னபோது இருசம்மாள் சிரிக்கவில்லை. என் சம்சாரம். ஒரு வாரம் பொறுத்து, மீஞ்சூரில் ஒரு கம்பெனிக்குப் பெருக்கித் துடைக்கப் போக ஆரம்பித்தாள். அறுபத்திரண்டு வயதில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு விடிவதற்கு முன் பஸ் ஏறுகிறாள். அட்டையிலிருக்கும் போட்டோ நன்றாக இருக்கிறது. அதில் மட்டும் கொஞ்சம் சிரிக்கிறாள்.

காணும் பொங்கலுக்குக் குப்பங்களுக்குள் படகுப் போட்டி உண்டு. துறையிலிருந்து கிளம்பி, முகத்துவாரத்தில் நட்ட கொடியைச் சுற்றித் திரும்ப வேண்டும். இந்த வருடம் ஹேமந்துக்கு நிஜமான வேகப்படகே வேண்டுமாம். வடிவேலு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"துறைமுகம் கட்டறப்போ மூணு வருசம் ஸ்பீட் போட் ஓட்டினவன் நீதான். வந்து பாத்துச் சொல்லு வீரா. கூட்டத்துல நடந்ததை மனசுல வச்சுக்காதே."

"கூட்டத்துல இன்னா நடந்தது?" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது.

காசிமேட்டுப் பக்கம் ஒரு ஷெட். மூடிப்போன ஏதோ ரிசார்ட்டின் படகுகள் இரண்டு நின்றன. வெள்ளைக்கு அடி கத்தி மாதிரி கூராக இறங்கியிருந்தது. கனம், பார்க்கச் சுமார். மஞ்சளுக்கு அடி தாம்பாளம் மாதிரி தட்டை. எடை இல்லை, பின்னால் பெரிய இன்ஜின், பக்கத்தில் தீ எரிகிற படம்.

"ஏரியே முழங்கால் தண்ணி பெரிப்பா, இதுக்கு எதுக்குக் கூர் அடி? மஞ்சதான் பறக்கும்" என்றான் ஹேமந்த்.

"கரையோரம் பறக்கும்" என்றேன். "முகத்துவாரத்துல ஏரித் தண்ணி கடலுக்கு எறங்கும், வாடைக் காத்து எதிர்ல அடிக்கும். அலை கிட்டகிட்ட எழும்பும். வெள்ளை அதைக் கிழிச்சிக்கினு போவும். மஞ்ச ஒவ்வொண்ணு மேலயும் ஏறி ஏறி உழும். வளையறப்போ ஆளைத் தூக்கி வெளியே போட்டுடும்."

மஞ்சளின் ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கிய சிவப்புக் கயிற்றையும் காட்டினேன். "இதை மணிக்கட்டுல மாட்டிக்கணும். ஆள் உழுந்தா கயிறு புடுங்கிக்கும், இன்ஜின் நின்னுடும். மாட்டலைன்னா படகு தனியா வட்டம் போட்டு, உழுந்தவனைத் தேடிக்கினு வரும்."

"எதுக்கு, கடிகாரம் குடுக்கவா?" என்றான் வடிவேலு. ஷெட்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வேகப்படகு ஓட்டிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் வடிவேலு என் வாயைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தான். முந்தின நாள் கொசு கடித்த தடிப்பு, அரித்தது, சொறிந்தேன். அதற்கு ஒருவன் என்ன செய்ய முடியும்? அவன் மகனுக்குக் கண்ணைக் காட்டினான். பட்டியலில் பெயர் போன கோபத்தில் மட்டமான படகை அவர்கள் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று முடிவு செய்திருப்பான். மஞ்சளையே வாங்கி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வரும் வழியில் எனக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள்.

போட்டியன்று நல்ல வாடைக்காற்று. கொடி வரைக்கும் ஹேமந்த்தான் முதலில் போனான். கொடியில் வளைந்தபோது மஞ்சள் படகு ஒரு தரம் துள்ளி அவனை வெளியே போட்டது. நீந்தத் தெரிந்தவன், தலை தூக்கினான், கையை ஆட்டினான். கரையிலிருந்து பார்த்தோம். இன்ஜின் நிற்கவில்லை. படகு பெரிதாக ஒரு வட்டம் போட்டு அவனைத் தாண்டிப் போயிற்று. மற்றப் படகுகள் கிட்டே போகப் பயந்தன. இரண்டாவது வட்டத்தில் அவனைக் கண்டுபிடித்தது. வடிவேலு இடுப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். படகுக்கும் ஹேமந்த் என்றுதான் பெயர் வைத்திருந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வடிவேலு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீ நெசத்தைச் சொன்னே வீரா, நான்தான் கேக்கலை" என்றான். ஊர் கூடியது. அவனே எழுந்து, நான் அந்தப் பத்து மாதமும் அவனோடு வலை போட்டதைச் சொன்னான். என் பெயரைத் திரும்ப ஏற்றினார்கள். ஹேமந்த் பெயர் இருந்த இடம் காலியாகத்தானே இருந்தது. வீரராகவன் பொய் சொல்ல மாட்டார் என்று இப்போது சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. நண்டுக் கதையைக்கூட நம்புவார்கள் போலிருக்கிறது. இருசம்மாள் மட்டும் இன்னும் மீஞ்சூருக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஏன் நிற்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

நீங்களும் வீட்டுக்குப் போங்க பெரியவரே என்கிறீர்கள். உண்மையைச் சொல்லி எச்சரித்தவன் மேல் என்ன கேஸ் போட முடியும் என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை.

அன்று காலை, போட்டிக்கு முன், ஹேமந்த் தனியாக என்னிடம் வந்தான். கயிறு ஸ்டியரிங்கில் சுற்றியபடியே இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கயிற்றைக் கையில் வைத்திருந்தான்.

"பெரிப்பா, நைனா பேச்சை வுடு. எனக்கு மட்டும் நெசத்தைச் சொல்லு. இதை மாட்டிக்கணுமா?"

"மாட்டிக்கோடா" என்றேன். "இல்லைன்னா அது தேடிக்கினு வரும்."

சொன்னது உண்மை. அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், சின்ன வயதில் கதை கேட்கும்போது பார்ப்பானே, அப்படி. என் வலது கை காதுக்குப் போயிற்று. அவன் வாய்விட்டுச் சிரித்து, கயிற்றை ஸ்டியரிங்கில் சுற்றிவிட்டுப் படகில் ஏறினான்.

அப்போது காது அரிக்கவில்லை, சார்.