எனக்கு வந்த ஆறு இலக்கங்கள்

நான் என் தொலைபேசி இலக்கத்தை ஒருநாளும் மாற்றியதில்லை, ஃபாதர். இரத்தோட்டைக் கடைத்தெருவில் முதன்முதலாக சிம் வாங்கியபோது கிடைத்த அதே இலக்கம்தான். மற்றவர்கள் டேட்டா மலிவு என்று அடிக்கடி சிம் மாற்றுவார்கள். என் மகன் ஷியாமும் அப்படித்தான். எனக்கு அந்தக் குணம் கிடையாது. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன்.

ஜெனிஸ்டா உங்களிடம் வந்து அழுதாள் என்கிறீர்கள். மருமகள் அழுதால் மாமியாரைத்தான் விசாரிக்க வருவார்கள், அதற்காக நான் கோபிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறிப்போகும். கேட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் இதைப் பாவசங்கீர்த்தனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாவம் செய்ததாக நான் நினைக்கவில்லை.

ஷியாம் சீகிரியாவில் முச்சக்கரவண்டி ஓட்டினான். அவளுக்கு அங்கேயே ஒரு ஹோட்டலில், உடுப்புக் கழுவும் பகுதியில் வேலை. அவன் விடியலில் வண்டியை எடுப்பான், அவள் பின்னேரம் வேலைக்குப் போவாள்; இரண்டு பேரும் முகம் பார்ப்பதே அபூர்வம். அதற்காக ஃபோனில் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். வீடு கட்டி, பயிர் வைத்து, கொள்ளையடிக்க வருகிறவர்களை விரட்டுகிற விளையாட்டு. இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. அந்த வீட்டில் ஒரு தபால்பெட்டி உண்டு, அதில் குரலைப் பதிந்து வைக்கலாம். சவாரிக்குக் காத்திருக்கும்போது அவன் பேசி வைப்பான், வேலை முடிந்து வந்து அவள் கேட்பாள். கல்யாணம் முடித்த பிறகு பொம்மை வீட்டில் குடித்தனம் நடத்தியவர்கள் இவர்கள்தான்.

ஒருமுறை அவனோடு வண்டி ஓட்டுகிற கிறிஷாந்தின் கணக்கை எவனோ திருடிவிட்டான். ஷியாம் பயந்துபோய்த் தன்னுடையதற்கு இரட்டைப் பூட்டுப் போட்டான். கடவுச்சொல் சரியாக இருந்தாலும் போதாது. புது ஃபோனில் திறந்தால் ஆறு இலக்கம் குறுஞ்செய்தியாக வரும், அதையும் கொடுத்தால்தான் உள்ளே விடும். அந்தச் செய்தி யாருக்கு வர வேண்டும் என்று கேட்ட இடத்தில் அவன் என் இலக்கத்தைப் போட்டான்.

“அம்மாட நம்பர் ஒன்னுதான் மாறவே மாறாது,” என்றான். “நம்பர் வந்தா என்னைத் தவிர யாருக்கும் சொல்லிறாதீங்க. கம்பெனியில இருந்து பேசுறோம்னு சொன்னாலும் சொல்லாதீங்க.”

பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், ஃபாதர். அவளுடைய இலக்கத்தை அவன் போடவில்லை. அவளும் சிம் மாற்றுகிறவள் என்பதுதான் காரணமாம். இருக்கட்டும். அன்றைக்கு நான் வைத்த மீன்கறியை அவன் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான்.

பிறகு ஒரு மழை நாளில் வண்டி புரண்டு ஷியாம் போய்விட்டான். நீங்கள்தான் பூசை வைத்தீர்கள். அவனுடைய ஃபோனும் அவனோடு நசுங்கியது. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். பெண் பிறந்ததும் ஷியாமளா என்று பெயர் வைத்தாள். என் மகனுடைய பெயரை எடுத்துத் தன் மகளுக்கு வைக்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிள்ளையைக் காட்ட இங்கே கொண்டுவந்தாள். அது ஓயாமல் அழுதது. நான் தூக்கினேன், ஆட்டினேன், பாடினேன், நிற்கவில்லை. அவள் தன் ஃபோனில் அந்த விளையாட்டைத் திறந்து பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

“ஜெனி, சாப்பிட்டியா? இன்னைக்கு வர சுணங்கும். கதவ பூட்டிக்கிட்டு படு.”

என் மகனுடைய குரல். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பியது.

“அப்பாவத் தெரியுது மாமி இவளுக்கு,” என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். எனக்கு வயிறு எரிந்தது. காய்ச்சலில் கிடந்தவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான். என்னிடம் அவன் குரல் ஒரு துண்டுகூட இல்லை. எனக்கு ஃபோனில் கோல் எடுப்பான், பேசுவான், வைத்துவிடுவான். சேர்த்துவைத்ததெல்லாம் அவளுக்கு. எனக்கும் கொஞ்சம் அனுப்பு என்று கேட்க வாய் வரவில்லை. மருமகளிடம் போய் என் மகனைப் பிச்சை கேட்பதா?

அதற்குப் பிறகு அவளுடைய ஃபோன் ஹோட்டலில் துணியோடு துணியாகச் சலவை மெஷினுக்குள் போய்விட்டது. அதற்கு நான் பொறுப்பல்ல. புது ஃபோனில் விளையாட்டைத் திறந்ததும் அது ஆறு இலக்கம் கேட்டது. சீகிரியாவில் இருந்து எனக்குக் கோல் எடுத்தாள்.

“மாமி, உங்க ஃபோனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். பாத்துச் சொல்லுங்க. அப்பா குரல் இல்லாம புள்ள தூங்க மாட்டேங்குது.”

வந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். பிறகு நடுவில் ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றிச் சொன்னேன்.

பிழை என்று காட்டியது. மறுபடி கேட்டாள், மறுபடி வந்தது, மறுபடி மாற்றினேன். பல தடவை பிழையானதும் கணக்கு அன்றைக்கு மூடிக்கொண்டது. நெட்வேர்க் கோளாறு என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். நான் சொன்னது பொய்தான், மறுக்கவில்லை. ஆனால் தன்னைத் தவிர யாருக்கும் சொல்லக்கூடாது என்று சொன்னது ஷியாம். பெற்ற மகனின் சொல்லை நான் காப்பாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அப்துல் ஸமத்தின் ஃபோன் கடைக்குப் போனேன். நல்ல மனிதர். செத்துப்போன மகனுடைய கணக்கு என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடவுச்சொல் தெரியாவிட்டால் மறந்துவிட்டது என்று சொல்லலாமாம். என் இலக்கத்துக்கு வருகிற அந்த ஆறை வைத்தே புதிய கடவுச்சொல் போடலாமாம். பூட்டியவன் சாவி முழுவதையும் என்னிடம்தான் தந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அப்போதுதான் விளங்கியது. தபால்பெட்டியில் இருந்த குரல்கள் எல்லாவற்றையும் ஸமத் என் ஃபோனுக்கு எடுத்துத் தந்தார். பிறகு கணக்கை அழித்துவிடச் சொன்னேன்.

“அழிச்சா திரும்ப எடுக்க ஏலாது அன்டி. வேற யாரும் தேட மாட்டாங்களா?”

“அவனுக்கு என்னை விட்டா யாரும் இல்ல தம்பி.”

அழிப்பதற்கும் ஆறு இலக்கம் வந்தது. அதை மட்டும் நான் மாற்றாமல் சொன்னேன்.

இப்போது அவளுக்குக் கணக்கே இல்லை என்று காட்டுகிறதாம். கம்பெனிக்கு எழுதியிருக்கிறாள், பதில் என் இலக்கத்துக்கு வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். முன்பெல்லாம் நத்தார் பண்டிகைக்கு ஒரு தடவை கோல் எடுப்பவள், இப்போது ஒரு நாள் தவறாமல் எடுக்கிறாள். “மாமி, ஏதும் வந்திச்சா?” என்பாள். “இன்னும் இல்ல மகள்” என்பேன். பின்னால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும். என்னைப் போலத்தான் அதுவும், பழகிக்கொள்ளும். அதோடு, சின்ன வயதுப் பெண் செத்தவனுடைய குரலோடு வாழலாமா? நீங்களே சொல்லுங்கள். அவளுடைய நன்மையையும் நான் யோசித்திருக்கிறேன்.

அவளிடம் போய்ச் சொல்வதென்றால் சொல்லுங்கள், தடுக்கமாட்டேன். போவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள். ஸமத்திடம் இன்னொரு தடவை போய், ஜெனி என்று வருகிற இடங்களை மட்டும் வெட்டி நீக்கித் தரச் சொன்னேன். சுத்தமாக வெட்டியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள், சத்தத்தைக் கூட்டுகிறேன்.

“நான் கோவத்துல சொன்னத மனசுல வச்சிக்காத. நீ இல்லாட்டி எனக்கு யாரு இருக்கா?”

கேட்டீர்களா, ஃபாதர்? அம்மா என்றால் அவனுக்கு அவ்வளவு உயிர்.